ஊருக்குச் சூடு, உறவுக்குக் குளிர்

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வண்டி நிறைய நர்சுகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது, இன்ஜின் ஒருதரம் இருமிவிட்டு நின்றுபோனது. நின்றது நின்றதுதான். ஓட்டிவந்தவன் இறங்கி முன்மூடியைத் தூக்கினான். தண்ணீர் கொதித்துப் பொங்கி, ஆவியும் புகையுமாக முகத்தில் அடித்தது. நர்சுகள் குடையை விரித்துக்கொண்டு மேட்டில் நடந்தே போனார்கள். அதில் மூத்தவள் மட்டும் திரும்பி, "அண்ணே, சாயங்காலம் அக்கா வருவாங்கல்ல?" என்று கேட்டாள். அவன் பொங்கும் தண்ணீரைக் கையால் காட்டினான்.

அவன் வீட்டில் டிரைவர்கள் இரண்டு பேர், வண்டி ஒன்று. காலை ஷிப்டுக்கு அவன், சாயங்கால ஷிப்டுக்கு அவன் பெண்டாட்டி. நர்சுகளின் விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஓடுகிற ஓட்டம்தான் அவர்களுக்குச் சோறு. மதியம் அவன் இறங்கின சீட்டில் அவள் ஏறி உட்கார்வாள். சீட்டின் சூடுகூட ஆறியிருக்காது. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதே வண்டி கைமாறும் அந்த ஒரு நேரத்தில்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் பாதி உண்மைதான்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய்ப் பொறுமையின் பட்டறையில் விட்டார்கள். பொறுமை என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பதுதான் அவனிடமிருந்து முதலில் வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும் என்பார்கள். அவன் வண்டிக்கடியில் புகுந்து வெளியே வந்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, இதுல பாக்க ஒண்ணுமில்ல. இன்ஜினோட பிளாக்கே வெடிச்சிருக்கு. தையல் போட இது சட்டை இல்ல. வேற இன்ஜின் தூக்கி வைக்கறதுதான் வழி."

"புதுசா?"

"புதுசு வாங்கற காசுக்குப் பாதி வண்டி வாங்கலாம். இதே வண்டி எங்கயாவது இடிபட்டுப் பிரிக்க வந்திருக்கும். உடம்பு போயிருக்கும், இன்ஜின் நல்லா இருக்கும். அதைக் கழட்டி இதுக்கு வைப்போம். நாலு கடை ஏறி இறங்கணும், அவ்வளவுதான். நானும் கூட வரேன்."

கதவோரம் ஈரக்குடையை உதறிக்கொண்டு நின்ற அவள் அப்போது வாயைத் திறந்தாள். "நாலு கடை எதுக்கு? என் தம்பி கடை ஒண்ணு இருக்கே."

அவள் அதைச் சொன்ன தோரணையைப் பார்க்கவேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஆயுசில் ஒருநாள் ஒன்று கேட்டு வாங்கப்போகிறோம், அதுவும் இந்த உலகத்தில் அந்த வீட்டில் மட்டுமே கிடைக்கும் பொருள் என்கிற பெருமை. இருக்காதா பின்னே.

அவளைப் பிறந்த வீட்டில் 'போல்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பா பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிற கடை வைத்திருந்தார். நகரத்தின் விளிம்பில், தகரவேலிக்குள், கதவில்லாத வண்டிகளும் வண்டியில்லாத கதவுகளுமாக ஒரு மைதானம். தவழ்கிற வயசிலேயே அவள் தரையில் கிடந்த போல்ட்டு நட்டுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாளாம். பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு இது இன்ன வண்டி, இன்ன கோளாறு என்று சொல்வாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே அந்த மைதானத்தில் அலைந்தவள். அவன் நடை பழகியது உடைந்த வண்டிகளின் பம்பரைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தக் கடையில் ஒரு வித்தை உண்டு. ஒரு தர்மமும் உண்டு. வித்தை இதுதான்: தேய்ந்துபோன இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உண்மையைக் கக்கிவிடும். பிஸ்டன் அதன் குழாய்க்குள் ஆடி 'டொக் டொக்' என்று தட்டும், நீலப்புகை வரும். கொஞ்சநேரம் ஓடிச் சூடேறிவிட்டால் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தட்டலும் அடங்கும், புகையும் அடங்கும். ஆகவே வாங்குகிறவன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தட்டலை அமுக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, முன்மூடியைச் சாத்திவிட வேண்டும். அவன் வந்து நின்றதும் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி ஓடும். போல்ட்டு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செய்கிற முதல் வேலையே பல நாள் அதுவாகத்தான் இருந்தது. அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. வியாபாரம் என்றார்கள்.

தர்மம் என்ன என்றால், உறவுக்காரர் யாராவது இன்ஜின் கேட்டு வந்தால் இந்த வித்தை கிடையாது. விடிந்தும் விடியாத நேரத்தில் வரச்சொல்லி, குளிர்ந்து கிடக்கிற இன்ஜின்மேல் அவர்களுடைய உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அப்பா சாவியைக் கையில் எடுப்பார். "ஊருக்குச் சூடு, உறவுக்குக் குளிர்" என்பார். கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி மாட்டவில்லையே தவிர, அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வேதம். அப்பா போனபிறகு கடை தம்பியிடம் வந்தது. வேதமும் கூடவே வந்திருக்கும் என்று அவள் நம்பினாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, உனக்குன்னே வந்த மாதிரி ஒண்ணு கெடக்கு. உங்க வண்டி மாடலேதான். பின்னாடி லாரி இடிச்சு நசுங்கினது. முன்னாடி ஒரு கீறல் இல்ல. இன்ஜின் தங்கம். மாமாவ வரச்சொல்லு."

"எப்ப வரட்டும்?"

"பத்து மணிக்கு மேல வரட்டும். காலைல எனக்கு ஒரு சோலி இருக்கு."

பத்து மணிக்கு மேல் என்றபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தங்கம் என்ற சொல்லிலேயே மனசு நின்றுவிட்டது.

பொறுமை, தானும் கூட வரட்டுமா என்று கேட்டான். அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "வேண்டாம் பொறுமை. நீ வந்து தட்டிப் பாத்து, குனிஞ்சு பாத்து, மோந்து பாத்துன்னு நின்னா அவன் என்ன நினைப்பான்? அக்கா என்னை நம்பாம ஆள அனுப்பியிருக்கான்னுதானே நினைப்பான்."

"நீயாவது வா," என்றான் வீட்டுக்காரன். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இன்ஜின் சங்கதி உனக்குத்தான் தெரியும்."

"நான் வந்தா அதைவிட மோசம். நான் இன்ஜினைப் பாக்காம இருக்கமாட்டேன். பாத்தேன்னா அவனைச் சோதிச்ச மாதிரி ஆயிடும். நீங்க போய் ஏத்திக்கிட்டு வாங்க. பாக்கறதுக்கு என்ன இருக்கு, என் கூடப் பொறந்தவன் குடுக்கற பொருளு."

அவன் போனான். மதியத்துக்கு மேல் ஒரு சின்ன லாரியில், தார்ப்பாய் போர்த்தி, இன்ஜின் வந்து இறங்கியது. தம்பி இரண்டு பெரிய பிரெட்டும் ஒரு கூடை முட்டையும்கூட அனுப்பியிருந்தான். அக்காவுக்காம். அவள் அந்தக் கூடையைப் பட்டறையிலேயே நாலு பேருக்குக் காட்டினாள்.

மழை விட்டபாடில்லை. பட்டறைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பொறுமை பழைய இன்ஜினைச் சங்கிலியில் கட்டித் தூக்கி வெளியே எடுத்தான். வண்டியின் வயிறு காலியாகி, ஒயர்களும் குழாய்களும் தொங்க, பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி வைத்திருந்தான், எது எங்கே போகும் என்று குழம்பாமல் இருக்க. வந்த இன்ஜினைப் பலகைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஆயில் குச்சியை உருவி விரலில் தொட்டான். தேன்மாதிரி இழுத்தது.

"அக்கா, ஆயில் புதுசா இருக்கே. கெட்டியாவும் இருக்கு."

"மாத்தி அனுப்பியிருப்பான். அக்கா வண்டிக்குப் போகுதில்ல."

"வெளியிலதானே இருக்கு இப்ப. மேல இருக்கற ஹெட்டைத் திறந்து பிஸ்டனை ஒரு பார்வை பாத்துட்டு வச்சிடலாமா? அரைநாள் வேலை. உள்ள போயிட்டா மறுபடி கழட்டறது பெரும்பாடு."

அவள் முகம் சுருங்கியது. "என் தம்பி பாத்துக் குடுத்ததை நீ திரும்பப் பாக்கணுமா? அங்க விடுதில ரெண்டு வேளையும் வாடகை வண்டி புடிச்சுப் போய்க்கிட்டிருக்காங்க. இன்னும் நாள் போனா அவங்க அந்த வண்டியோடவே போயிடுவாங்க. வை."

பொறுமை வாதாடவில்லை. வாதாடுகிறவனாக இருந்தால் அந்தப் பெயர் அவனுக்கு வந்திருக்காது. வைத்தான். தாங்கிகளை முறுக்கி, கியர்ப்பெட்டியோடு சேர்த்து, ஒயர்களைத் துணிக்கிழிசல் பார்த்துப் பொருத்தி, அந்த வாரக் கடைசியில் சாவியைத் திருப்பினான். குப்பென்று புகை வந்தது. பொருத்தும்போது மேலே சிந்தின ஆயில் எரிகிறது, ஓட ஓடப் போய்விடும் என்றான். போய்விட்டது. அன்று சாயங்காலம் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினாள். இன்ஜின் முனகாமல் ஏறியது. மேட்டின் உச்சியில் நிறுத்தித் தம்பிக்குப் போன் போட்டு, "டேய், நல்லா இருடா" என்றாள். அவன் "சரிக்கா" என்றதோடு வைத்துவிட்டான். கடையில் கூட்டம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கிற வண்டியை எடுக்கிறவன் வீட்டுக்காரன். மதியம் ஓடிச் சூடான வண்டியை வாங்கிக்கொள்கிறவள் அவள். சத்தத்தைக் கேட்டால் சொல்லிவிடக்கூடிய காது அவளுடையது. சத்தத்தைக் கேட்டவன் அவன்; அந்நேரம் அவள் ராத்திரி ஓட்டத்தின் அசதியில் தூங்கிக்கொண்டிருப்பாள். தம்பி செய்ததற்கு அவர்களுடைய பிழைப்பே திரைபோட்டுக் கொடுத்தது.

முதலில் சொன்னவள் ஒரு நர்சு. சாயங்காலம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள், சிரித்துக்கொண்டே, "அக்கா, காலைல அண்ணன் வண்டி வந்து நின்னா விடுதி வாசல்ல கொசுமருந்து அடிச்ச மாதிரி இருக்கு. வார்டன் வேற ஜன்னல மூடுங்கன்னு கத்தறாங்க" என்றாள்.

"புது இன்ஜின் வச்சிருக்கில்ல, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள்.

"அதுக்கு ஒரு வாரம் ஆகுமாக்கா? வேற வண்டி பாத்துக்கலாமான்னு வார்டன் கேட்டாங்க. நாங்கதான் அக்கா பாவம்னு சொல்லி வச்சிருக்கோம்."

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது, வழக்கமாகத் தூங்கிப்போயிருக்கும் வீட்டுக்காரன் சாப்பாட்டு மேசையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சோற்றையும் முட்டையையும் சூடாக்கி எடுத்துவைத்தாள். அவன் பொருமிக்கொண்டிருந்தான்.

"பொறுமைகிட்ட இன்னைக்கு நல்லாக் கேட்டுட்டேன். வேலை தெரியாதவன்லாம் எதுக்குப் பட்டறை வைக்கறான்?"

"என்ன ஆச்சு?"

"காலைல எடுத்தா உள்ள எவனோ சுத்தியல வச்சுத் தட்டற மாதிரி இருக்கு. ஒரு பத்து நிமிஷம் தட்டிட்டு நின்னுடுது. ஆயிலும் குடிக்குது. நான் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன். கேட்டா, 'அண்ணே, நான் வச்சது சரி, வந்ததுதான் சரியில்ல'ங்கறான். எவ்வளவு திண்ணக்கம் பாரு. நாலு பேர் முன்னாடி வச்சுச் சொன்னேன், என் மச்சான் பூ மாதிரி குடுத்தான், உன் கை பட்டுத்தான்டா நாசமாப் போச்சுன்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டான். பேச வாயில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் தம்பி குடுத்ததுல கோளாறுன்னு நீ நினைச்சிடுவியோன்னுதான். அவன்மேல தப்பே இல்ல. கடையில நான் பாத்தேனே. சாவியத் திருப்பின உடனே பிடிச்சுக்கிச்சு, ஒரு சத்தம் இல்ல. எனக்காகன்னு பாவம், முன்னாடியே ஓட்டி ரெடியா வச்சிருந்தான். மூடியத் தூக்கி நான் தொட்டேன், கை சுட்டுடுச்சு. அவ்வளவு அக்கறை யாருக்கு இருக்கும்?"

அவள் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தாள். வீட்டுக்காரன் மச்சானின் அக்கறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினான். அவள் உம் கொட்டினாள். எதற்கு உம் கொட்டுகிறோம் என்று தெரியாமலே கொட்டினாள்.

காலையில் அவனுக்கு முன்னால் எழுந்து வாசலுக்குப் போனாள். மழை ஓய்ந்து, தெருவெல்லாம் சில்லென்று கிடந்தது. முன்மூடியைத் தூக்கி இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினாள். இழுத்து, திணறி, பிடித்தது. பிடித்ததும் தட்டத் தொடங்கியது. கால் உடைந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறமாதிரி ஒரு தட்டல். பின்னால் நீலப்புகை தெருவை மறைத்தது. பத்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அந்தக் கடையில் வளர்ந்திருந்தால். ஆயிலோ தண்ணியோ இல்லாமல் ஓடி, காய்ந்து, உள்ளே உரசித் தின்றுபோன இன்ஜின். இன்னும் ஒரு மாசம் ஓடினால் பெரிய விஷயம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனையாவது அசடு என்று விட்டுவிடலாம். விற்றும் விட்டானே இவன்.

அன்று காலை ஷிப்ட் முடிவதற்குள் பஸ் பிடித்துத் தம்பி கடைக்குப் போய்விட்டாள். தகரவேலி அதேதான். உள்ளே வண்டிகள் குறைந்து, இடையிடையே புல் முளைத்திருந்தது. தம்பி பெண்டாட்டி, "வாங்க அண்ணி, போன்கூடப் பண்ணாம வந்திருக்கீங்க," என்று டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தம்பி ஒரு கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "வாக்கா" என்றான்.

"காலைல சோலி இருக்குன்னியே, என்ன சோலி அது?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு நேரம் ஓட்டி வச்ச?"

"அக்கா, முதல்ல டீயக் குடி."

"நான் டீ குடிக்கவா வந்தேன்? எவ்வளவு நேரம்டா ஓட்டின? அரை மணியா, ஒரு மணியா? கெட்டி ஆயிலு வேற. ஒண்ணு விடாம செஞ்சிருக்க. அப்பா இருந்தா உன் திறமையப் பாத்து மெச்சியிருப்பாரு."

அவன் ஒரு பழைய சீட்டின்மேல் உட்கார்ந்தான். "வேற இன்ஜின் இல்லக்கா. இருந்தா குடுத்திருக்கமாட்டேனா?"

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே. இன்னொரு கடைக்குப் போயிருப்போம்."

"அந்த வண்டிய ஏலத்துல எடுத்தேன். நானே ஏமாந்துதான் எடுத்தேன். எங்கிட்ட இருந்ததெல்லாம் அதுல போயிடுச்சு. அந்த இன்ஜின் போகலன்னா கடையே போயிருக்கும்."

"வேற எவன் தலையிலயாவது கட்டியிருக்கலாமில்ல? தினம் ஆள் வரலயா உனக்கு?"

இதைக் கேட்டதும் அவன் சிரித்தான். சந்தோஷமில்லாத சிரிப்பு. "நீ எந்தக் காலத்துல இருக்க? இப்ப எவன்கா சூட்டுக்கு ஏமாறறான்? போன்ல வீடியோ போட்டுச் சொல்லிக் குடுத்துட்டானுங்க. இன்ஜின் வாங்கப் போனா முதல்ல கைய வை, சூடா இருந்தா திரும்பி வான்னு. வர்றவன் எல்லாம் கும்பிடு போடறதுக்கு முன்னாடி கைய வைக்கறான். அந்த இன்ஜினுக்கே எத்தனை பேர் வந்தான் தெரியுமா? கைய வச்சான், என் மூஞ்சியப் பாத்தான், போயிட்டான். ஊர் பூரா உஷாராயிடுச்சுக்கா."

"அதனால?"

அவன் நகத்திலிருந்த அழுக்கைச் சுரண்டினான்.

"அதனால நாங்கதான் கெடச்சோம். அப்படித்தானே? கைய வைக்காம வாங்கறதுக்கு இந்த உலகத்துல மிச்சம் இருந்தது உன் அக்கா வீடு மட்டும்தான்."

"மாமா தொட்டாரு. அவருக்குத் தெரியல."

"நான் வந்திருந்தா?"

"நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ என்னைச் சோதிக்க வருவியாக்கா?"

வெட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் வராமல் இருந்தாளே, அந்த மரியாதையை எடுத்து அவன் அளந்து பார்த்திருக்கிறான். எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் அந்தக் கெட்டுப்போன இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். இவன் நம்பவைக்கக்கூட மெனக்கெடவில்லை. நம்பிக்கை ஏற்கெனவே அங்கே இருந்தது. அவளே ஊட்டி வளர்த்தது.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. நான் அதை அடுத்த வீட்டுக்குச் சொன்னதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

தம்பி எழுந்து பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேளுக்கா. மாமாவுக்கு இது தெரிய வேண்டாம். அவர் அந்த மெக்கானிக் மேலதான் கோவமா இருக்காரு. எனக்குப் போன் பண்ணிப் புலம்பினாரு. அப்படியே இருக்கட்டும். மெக்கானிக்குக்கு இது ஒண்ணும் புதுசில்ல, நாலு பேரு திட்டுவாங்க, போயிடும். நல்ல இன்ஜின் ஒண்ணு வந்ததும் நானே கொண்டாந்து இறக்கறேன். நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும் இது."

"நம்ம வீடா? எது நம்ம வீடு?"

"என்னக்கா இப்படிப் பேசற? அப்பா பேரு இருக்கில்ல."

அவள் டீயைத் தொடாமலே எழுந்தாள். ஒரு தரம் அந்த மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். இந்த வேலிக்குள் வந்து கை சுடாமல் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர், சுட்டது தெரியாமலே காசைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று முதன்முதலாக ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வெளியே வந்தாள். தம்பி வாசல்வரை வந்தான். அவள் திரும்பவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது இரண்டு தடவை மனசு மாறியது. தம்பி சொன்னதும் ஒரு கணக்குத்தான். சொல்லாவிட்டால் பிறந்த வீடு மிஞ்சும், அப்பா பேர் மிஞ்சும். பொறுமை தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான், அவன் சுபாவம் அப்படி. ஆனால் அவன்தானே கேட்டான், ஹெட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று. அதை மறந்துவிடலாம் என்று பார்த்தாள். முடியவில்லை.

மதியம் வீட்டுக்காரன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அவனை உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கெட்டி ஆயிலை, சூட்டை, ஊருக்கு எது உறவுக்கு எது என்கிற அப்பாவின் பேச்சை, தம்பி சொன்னதை, எதையும் மறைக்கவில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். தம்பியைத் திட்டுவான், கூடச் சேர்ந்து தானும் திட்டலாம், திட்டி அழுதால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அவன் கத்தவில்லை. மேசைமேல் கிடந்த பிரெட் துணுக்கு ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பொறுமைய நாலு பேர் முன்னாடி பேசிட்டேன்," என்றான்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் வரேன். வைன்னு சொன்னது நான்தான்."

"அது இருக்கட்டும். இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான். நேத்து நீங்க கை சுட்டுச்சுன்னு சொன்னதும் சந்தேகம் வந்துச்சு. காலைல எடுத்துப் பாத்தேன்."

"அதக் கேக்கல. இந்த வித்தை. சூடு பண்ணி விக்கற வித்தை உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அது சின்ன வயசுலேருந்தே தெரியும்."

"சின்ன வயசுலேருந்து." அவன் தலையை ஆட்டினான். "நமக்குக் கல்யாணம் ஆனதுக்கப்புறம் முதல் வண்டி வாங்கினோமே, பழைய வண்டி. நான் ஒத்தையாப் போய் வாங்கினேன். அப்பவும் சொல்லல. அது நின்னு போய், இதை வாங்கினப்பவும் சொல்லல. உன் தம்பி கடைக்கு நான் கிளம்பறப்பவாவது, ஒரு கை வச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"தம்பி அப்படிச் செய்வான்னு நான் கனவுலயும் நினைக்கலங்க."

"தம்பிய விடு. மத்தவன் செய்வான்னு தெரியுமில்ல? வீடியோல வர்ற விஷயமாம். ஊருக்கே தெரியுமாம். எனக்குத் தெரியல. இன்ஜின் கடைக்காரர் பொண்ணக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல படுத்துக் கெடந்தவன், எனக்கு மட்டும் தெரியல."

"அது கடை விஷயங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா..."

சொல்லும்போதே அந்த 'வெளிய' அவளுக்குக் கேட்டது. ஆனால் சொல்லி முடித்தாகிவிட்டது.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அந்தப் பார்வை. "சரிதான்," என்றான். "உன் தம்பிய என்னத்துக்குக் குத்தம் சொல்றது? அவன் என்னை ஊர்க்கணக்குல வச்சான். நீ வச்ச இடத்துலதான் அவனும் வச்சிருக்கான்."

அவளுக்கு இல்லை என்று சொல்லவேண்டும் போலிருந்தது. இல்லை என்பதற்கு ஒரு சான்று வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரு பேச்சுவாக்கில், படுக்கையில், டீ குடிக்கும்போது, எப்போதாவது சொல்லியிருக்கிறோமா என்று தேடினாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள். அதை மட்டும் சொன்னதில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்துக்கூட மறைக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அவன் எழுந்து முகம் கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டான். "பொறுமையப் பாத்துட்டு வரேன். கால்ல விழறதோ கையப் பிடிக்கறதோ, என்னமோ செய்யறேன். நாளைக்குக் காலைல அவனக் கூட்டிக்கிட்டு வேற இன்ஜின் தேடப் போறேன். நாலு கடை ஏறி இறங்கினா ஒண்ணு கெடைக்காமலா போகும்."

"நானும் வரேங்க. சத்தத்த வச்சே நான் சொல்லிடுவேன். யாரு என்ன பண்ணி வச்சிருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் சாதுவாக, வந்த விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி, "வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றான்.

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அதட்டியிருக்கிறான், ஏவியிருக்கிறான், வேலை வாங்கியிருக்கிறான், சட்டைப் பித்தானைத் தைக்கச்சொல்லித் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறான். அந்த மரியாதையை மட்டும் அவளிடம் அவன் இதுவரை காட்டியதே இல்லை.